உன் பிள்ளைக்குக் கொலை, என் பிள்ளைக்கு விபத்து

கோபர்ன் மில், டென்னசி
செப்டம்பர் 9, 2018

அன்புள்ள கிளென்னா அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊசி போட்ட பிறகாவது படி ஏற முடிகிறதா? என் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்க மாட்டேன் என்கிறது. மற்றபடி எழுந்து நடமாடுகிறேன். போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம் என்பதால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

அரசு வக்கீல் என்னை வரச்சொல்லியிருந்தார். டஸ்டினுக்கு ஜூன் மாதம் அந்தப் போதைப் பொடியை வாங்கிக் கொடுத்த டாரா மீது இரண்டாம் நிலைக் கொலை வழக்குப் போடுகிறார்களாம். ஒரு வீட்டில் ஒரு படுக்கையில் என் மகனோடு இருந்தவள். வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, உங்க பையன் தவறிப்போய்ச் சாகல. அவனைக் கொன்னிருக்காங்க. இந்த மாவட்டத்துல இனிமே அதை அப்படித்தான் சொல்லப்போறோம்." குற்றம் உறுதியானால் பதினைந்து வருஷத்துக்குக் குறையாதாம்.

பேப்பரில் செய்தி வந்ததும் ஊரே மாறிவிட்டது. ஜூனில் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது வருகிறார்கள். பன்றித்தொடை வறுவல், பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங். பாத்திரத்துக்கு அடியில் பெயர் ஒட்டி, மேலே தாள் மூடி, வரிசையாக. வைக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். சர்ச்சில் போதகர் பிரசங்க மேடையிலிருந்து டஸ்டினின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார்.

என் பெண் ஷெல்பி நன்றாக இருக்கிறாள். போதை எதையும் தொடாமல் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. முதியோர் இல்லத்தில் பகல் வேலை. பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
ரோண்டா


லாரல் பென்ட்
செப்டம்பர் 17, 2018

அன்புள்ள ரோண்டாவுக்கு,

முழங்கால் இருக்கிறது. ஊசி போட்ட டாக்டர்தான் ஊரை விட்டுப் போய்விட்டார். நீ உப்பைக் குறை. அந்தப் பன்றித்தொடை முழுக்க உப்புதான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சந்தோஷம் என்று எழுதலாமா? எழுதிவிடுகிறேன், சந்தோஷம். இனி நிஜத்தை எழுதுகிறேன்: வயிறு எரிகிறது.

வெஸ்லி போய் இரண்டு வருஷம். எனக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளை. பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தான், காலையில் வேலை முடிந்து வந்து நான் பார்த்தேன். இறப்புச் சான்றிதழில் 'விபத்து' என்று அடித்துக் கொடுத்தார்கள். பனியில் வழுக்கி விழுந்தவனுக்கும் அதே வார்த்தைதான். போலீஸ்காரன் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனான். உள்ளே வந்தால் ஒட்டிக்கொள்ளுமோ என்னவோ. என் வாசலுக்கு வந்த ஒரே பாத்திரம் நீ கொண்டுவந்ததுதான். எங்கள் போதகர் அவன் பெயரைச் சொல்லவே இல்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் 'வெளியே சொல்லாத வேண்டுதல்' என்று கை தூக்குவார்களே, அந்தக் கணக்கில் என் மகனையும் சேர்த்து முடித்துவிட்டார். மூல வியாதிக்காரனும் கள்ளக் காதல்காரனும் கை தூக்குகிற இடம் அது.

உன் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள், என் பிள்ளை தானாகச் செத்தான். ஒரே ஊர்ப் பொடி, ஒரே மாதிரி சாவு. நடுவில் இரண்டு மாவட்டக் கோடு. இதற்குப் பொறாமைப்படுகிறவள் என்ன பெண் என்று நீ கேட்கலாம். நானும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இங்கே புது ஷெரீஃப் வந்திருக்கிறார். திங்கட்கிழமை போய்ப் பார்க்கப்போகிறேன். ஷெல்பிக்கு என் முத்தம்.

அக்கா,
கிளென்னா


கோபர்ன் மில்
அக்டோபர் 12, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிக் காலுறை போட்டுக்கொள். இங்கே எல்லாரும் சுகம்.

ஷெரீஃபிடம் போகாதே அக்கா. போயிருந்தால் அதோடு விட்டுவிடு. வெஸ்லி நிம்மதியாக இருக்கிறான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு யார் வந்து என்ன சொல்லப்போகிறார்கள்? உனக்கு வீண் அலைச்சல். உன் மனசு தாங்காது.

டாராவின் முதல் விசாரணைக்குப் போய் வந்தேன். இறந்தவர்களின் குடும்பத்துக்கென்று நதாலி என்ற ஒரு பெண்ணை நியமித்திருக்கிறார்கள். அவள் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தாள். தண்ணீர், கைக்குட்டை எல்லாம் அவளே. அந்தக் கடைசி ராத்திரியை ஆரம்பத்திலிருந்து சொன்னார்கள். இரண்டு பேரும் தோசைக்கல் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். டஸ்டின் பாத்திரம் கழுவினானாம், நம்புவாயா! அவன் உதடு நீலமானதும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததே அவள்தான். வந்து சேரும் வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாளாம்.

அவளுடைய வக்கீல் ஒன்று சொன்னார். அவர்களுக்குள் முறை வைத்துப் போவார்களாம். இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான். யாரிடம் பெட்ரோல் இருக்கிறதோ அவர்கள் போய் எல்லாருக்கும் வாங்கி வருவது. அந்த வாரம் டாராவின் முறை. "முறை மாறியிருந்தா இவ செத்திருப்பா, அவன் இங்க நின்னுட்டிருப்பான்" என்றார். எங்கள் அரசு வக்கீல் எழுந்து, "வண்டியை ஓட்டிட்டுப் போய் வாங்கிட்டு வந்தது யாரோ அவங்கதான் கொடுத்தவங்க. கொடுத்தவங்கதான் கொன்னவங்க. சட்டம் அவ்வளவுதான் கேக்குது" என்றார்.

பழசைக் கிளறாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்,
ரோண்டா


லாரல் பென்ட்
அக்டோபர் 19, 2018

ரோண்டா,

காலுறை போட்டிருக்கிறேன். இருமல் இல்லை. சுகம் விசாரித்தாகிவிட்டது.

"உன் மனசு தாங்காது." யாருடைய மனசு? முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டை வாங்கிக்கொள்கிறவள், வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குச் சொல்கிற புத்திமதியா இது? நீ சின்ன வயதிலேயே இப்படித்தான். உனக்குக் கிடைத்துவிட்டால் போதும், அடுத்தவளுக்கு அது நல்லதில்லை என்று உனக்குத் தெரிந்துவிடும்.

கொலையுண்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு நகரத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. கூப்பிட்டேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். என் மகன் பெயர் கேட்டாள், வயது கேட்டாள். பிறகு, "வழக்கு எண் சொல்லுங்கம்மா" என்றாள். இல்லை என்றேன். "அப்ப போதை மருந்துல போனவங்களுக்குன்னு தனிக் கூட்டம் இருக்கு, அந்த நம்பர் தரட்டுமா?" என்றாள். அதே குரல்தான், ஆனால் அதில் சர்க்கரை தீர்ந்துவிட்டது.

என்ன வேண்டும் உனக்கு என்று கேட்பாய். நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய், ரொட்டி சுட்டார்கள், பாத்திரம் கழுவினான் என்று. உனக்கு உன் பிள்ளையின் கடைசி ராத்திரி தெரியும். அரசாங்கமே ஆள் வைத்து, நேரம் போட்டு, உனக்கு எடுத்துச் சொல்கிறது. நான் என் பிள்ளையை சாயங்காலம் வேலைக்குப் போகும்போது பார்த்தேன், காலையில் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. யார் வந்தார்கள், என்ன பேசினான், சாப்பிட்டானா? அதை விபத்து என்று சொன்னால் யாரும் போய்க் கேட்க மாட்டார்கள். கொலை என்றால்தான் கேட்பார்கள்.

ஷெரீஃபிடம் போய்விட்டேன். ஹோர்ட்டன் என்று ஒரு துப்பறிவாளர், மெலிந்த ஆள், மரியாதை தெரிந்தவர். தெருவில் வீடு வீடாக விசாரிக்கிறேன் என்றார். "வெஸ்லி அன்னிக்கு வீட்டை விட்டு வெளிய போகல, அவன் வண்டி ரிப்பேர்ல இருந்துச்சு, யாரோ வந்து கொடுத்திருக்காங்க" என்று சொன்னேன். வண்டி ஓட்டி வந்தவன் யாரோ அவன் கொன்றவன். உங்கள் அரசு வக்கீல் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். உன் டாராவாவது கூட இருந்து நெஞ்சை அழுத்தினாள். என் வீட்டுக்கு வந்தது கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போயிருக்கிறது.

கிளென்னா


கோபர்ன் மில்
டிசம்பர் 16, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். காய்ச்சலில் விழுந்துவிட்டேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு சால்வை பின்னியிருக்கிறேன், பார்சலில் வரும். பச்சை நிறம், உனக்கு எடுப்பாக இருக்கும்.

இங்கே பனி அதிகம். சர்ச்சில் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள், ஆட்டுக்குட்டி வேஷம் போட்டவன் மேடையிலேயே தூங்கிவிட்டான், எல்லாரும் சிரித்தோம். ஷெல்பி பகல் வேலையை விட்டு ராத்திரி வேலைக்கு மாறிக்கொண்டாள். அவளுடைய வண்டி, நீ கொடுத்ததுதான், ரொம்ப நாளாகவே இழுத்துக்கொண்டிருந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம். பஸ்ஸில் போய் வருகிறாள்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. இந்த வருஷம் நீங்கள் வர வேண்டாம், சாலை சரியில்லை.

பிறக்கும் வருஷம் உனக்கு நன்றாக இருக்கட்டும்.
ரோண்டா


லாரல் பென்ட்
ஜனவரி 14, 2019

ரோண்டா,

சால்வை வந்தது. கதகதப்பாக இருக்கிறது. நன்றி.

'நீங்கள் வர வேண்டாம்' என்று எழுதியிருந்தாய். நான் ஒருத்திதானே, இந்த நீங்கள் யார் என்று யோசித்தேன். பயந்துபோனவளுக்கு மரியாதை தானாக வந்துவிடும் போலிருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. போன வெள்ளிக்கிழமை புரிந்தது.

ஹோர்ட்டன் வந்திருந்தார். பின்வீட்டு ஓகிள் கிழவரை விசாரித்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை யாரும் எதுவும் கேட்கவே இல்லையாம். அதனால் அவரும் சொல்லவில்லையாம். அன்றைக்கு இருட்டிய பிறகு என் வீட்டுப் பின்சந்தில் ஒரு சின்ன நீல வண்டி வந்து நின்றது, வெஸ்லி போய் அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான், சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு வண்டி போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். கிழவருக்குப் பேத்தி பெயர் மறந்துபோகும். ஆனால் வண்டி என்றால் மறக்காது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு மட்டும் சிவப்பு, வேறு வண்டியில் கழற்றி மாட்டின கதவு என்றாராம்.

ஹோர்ட்டன் என்னைப் பார்த்து, "அம்மா, இந்த மாதிரி வண்டி உங்களுக்குத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இருக்கா?" என்றார்.

அந்தக் கதவை மாட்டியது என் புருஷன் ரே. சாவதற்கு முந்தின கோடைக்காலத்தில் பழைய இரும்புக் கிடங்கில் தேடி எடுத்து, கொல்லையில் மல்லாந்து படுத்து மாட்டினார். வெஸ்லிதான் விளக்குப் பிடித்தான். பிறகு அந்த வண்டியை, பள்ளிக்கூடம் முடித்த ஒரு பெண்ணுக்கு, சாவியில் ரிப்பன் கட்டி, நானே என் கையால் கொடுத்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "அவசரமில்ல, நல்லா யோசிங்க. கண்டுபிடிச்சா இங்கயும் கொலை வழக்குதான், எங்க வக்கீல் தயாரா இருக்கார்" என்றார்.

தெருவில் விசாரிக்கப்போகிறார்கள் என்று உனக்கு அக்டோபரில் எழுதினேன். நீ டிசம்பரில் வண்டியை இரும்புக்குப் போட்டாய். நான் பெயர் எழுதவில்லை, நீயும் எழுதாதே.

கிளென்னா


கோபர்ன் மில்
ஜனவரி 18, 2019

அக்கா,

எப்போது சொல்லப்போகிறாய்?

ரோண்டா


லாரல் பென்ட்
பிப்ரவரி 3, 2019

ரோண்டா,

சுகம் கூட விசாரிக்காமல் ஒரு வரி எழுதிய உனக்கு நான் விசாரிக்கிறேன்: மாத்திரை சாப்பிடுகிறாயா? சாப்பிடு. உனக்கு வேலை இருக்கிறது.

இந்தப் பதினைந்து நாளும் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. வெஸ்லியின் சவ அடக்கத்தில் என் வலது பக்கம் நீ. இடது பக்கம் அவள். என் கையை அவள் விடவே இல்லை. "பெரியம்மா, பெரியம்மா" என்று என்னை விட அதிகமாக அழுதாள். அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்று நான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும்போது அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், ரோண்டா! உனக்கு அப்போதே தெரியுமா? ஒரு வாரம் கழித்துத் தெரியுமா? அதைப் பற்றி நீ எழுதாதே, எனக்குத் தெரிய வேண்டாம்.

உன்னிடம் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். உன் பிள்ளைக்கு நியாயம் கிடைக்கிறது. முன்வரிசை. நதாலி. ஊர்ச் சாப்பாடு. மேடையில் பெயர். இத்தனைக்கும் மேல் வீட்டில் ஒரு பெண். எனக்கு இத்தனை நாளாக வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அது இப்போது என் வாயில் இருக்கிறது. ஹோர்ட்டனுக்கு ஒரு போன் போதும். உன் பக்கத்து முன்வரிசை எனக்கும் கிடைக்கும், நீ அந்தப் பக்க பெஞ்சில் போய் உட்கார வேண்டியதுதான், டாராவின் அம்மா உட்காருகிற பக்கம். அந்த அம்மாவை நீ ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்தாயா?

இரண்டு மனசாகத்தான் இருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், சில நாள் காலையில் எழுந்ததும் போனை எடுத்துவிடுகிறேன்.

ஆகவே கேள். ஏப்ரலில் டாராவின் வழக்கு வருகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சொல். அதை நீயே தேர்ந்தெடு. உன் மகன் கொல்லப்பட்டான் என்றால் என் மகனும் கொல்லப்பட்டான், நான் போன் செய்கிறேன். என் மகனுக்கு நடந்தது விபத்து என்றால் உன் மகனுக்கும் விபத்துதான். அதை எனக்கு எழுதினால் போதாது. உன் அரசு வக்கீலிடம், அந்த நீதிபதியிடம், ஊர் கேட்கச் சொல்.

எனக்கு இல்லாதது உனக்கும் வேண்டாம். இதை இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கிளென்னா


கோபர்ன் மில்
மார்ச் 5, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் தொண்டைக்குத் தேனும் விஸ்கியும் கலந்து குடி. போதகருக்குத் தெரிய வேண்டாம்.

ஒரு பெண் இருந்தாள் என்று வைத்துக்கொள். எந்த ஊர், யார் என்று வேண்டாம். இருபது வயது. அவளுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு வாரம் அவள் முறை. வாங்கி வந்ததில் பாதியை அண்ணன் மாதிரியான ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தான் எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டாள். அவள் பிழைத்தாள். ஏன் பிழைத்தாள் என்று டாக்டருக்கும் தெரியாது. மறுநாள் செய்தி கேட்டவள் அன்றோடு விட்டாள். எதையும் தொடவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை, கண்ணாடி பார்க்கவும் இல்லை. அப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு அம்மா இருந்தால் அவள் என்ன செய்வாள் அக்கா? புதன்கிழமைதோறும் கை தூக்குவாள், 'வெளியே சொல்லாத வேண்டுதல்' என்று. இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருப்பாள். மூல வியாதிக்காரனோடு சேர்த்து.

நீ கேட்பது எனக்குக் கஷ்டம். டாராவை வெறுத்துத்தான் நான் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறேன். அவள் இல்லையென்றால் எனக்கு எழுந்திருக்க ஒன்றும் இல்லை. டஸ்டினை யாரோ பறித்துக்கொண்டார்கள் என்றால் தாங்க முடிகிறது. அவனாகவே போய்விட்டான் என்றால் எப்படித் தாங்குவது? நீ இரண்டரை வருஷமாக எப்படித் தாங்கினாய் என்று நான் கேட்டதே இல்லை.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொறு.

ரோண்டா


கோபர்ன் மில்
ஏப்ரல் 27, 2019

அக்கா,

மார்ச் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பேப்பரில் உன் ஊர்ச் செய்தி எதுவும் வருகிறதா என்று தினம் பார்த்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போலீஸ் என்று நினைத்து அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

சொல்லிவிட்டேன்.

முதலில் அரசு வக்கீலிடம் போனேன். டாரா கொலைகாரி என்று நான் நினைக்கவில்லை, கேட்டால் நீதிபதி முன்னாலும் சொல்வேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ரோண்டாம்மா, இது உங்க வழக்கு இல்ல. மாநிலத்தோட வழக்கு. உங்களால வாபஸ் வாங்க முடியாது" என்றார். "வாபஸ் வாங்கலய்யா. யார் கேட்டாலும் என் மகன் கையை யாரும் பிடிச்சு இழுக்கலன்னு சொல்லுவேன், அவ்வளவுதான்" என்றேன். நதாலி என்னை வெளியே அழைத்துப்போய், "யாராவது மிரட்டினாங்களா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. என் அக்கா என்று எப்படிச் சொல்வது?

அம்மாவே எதிராகப் பேசுகிற வழக்கை ஜூரியிடம் கொண்டுபோக அவருக்குத் தைரியம் வரவில்லை. கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று குறைத்து டாராவை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். நான்கு வருஷம், உள்ளே இருந்த காலம் கழித்து. தீர்ப்பு நாளில் நீதிபதி முன்னால் நின்று சொன்னேன்: "அது அவ முறை. அடுத்த வாரம் என் பையன் முறை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." டாரா அழுதாள். அவள் அம்மா என்னைத் தொட வந்தாள், நான் நகர்ந்துகொண்டேன். அவளுக்காக நான் இதைச் செய்யவில்லை. யாருக்காக என்று உனக்குத் தெரியும். என்னை நல்லவளாக்கிவிடாதே, இன்னமும் அந்தப் பெண்ணைப் பார்த்தால் எனக்குக் கை முறுக்குகிறது.

இப்போது ஊர் பழையபடி. பாத்திரக்காரிகள் வந்து பாத்திரத்தை வாங்கிப்போனார்கள். ஒருத்தி வாசலில் நின்று, "சொந்தப் பிள்ளைக்கே பேசத் தெரியலன்னா நாங்க என்ன செய்ய" என்றாள். நான் போய்க்கொண்டிருந்த அந்தப் பெற்றோர் சங்கத்தில் இருந்து கூப்பிட்டு, வேறு கூட்டத்துக்குப் போகலாமே என்றார்கள். போதகர் டஸ்டினின் பெயரை விட்டுவிட்டார். என் மகன் தானாகச் செத்தவன் ஆகிவிட்டான், உன் மகன் மாதிரியே.

நீ கேட்டதைக் கொடுத்துவிட்டேன் அக்கா. இனி நீ பொறாமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை. போனை எடுப்பதும் எடுக்காததும் உன் விருப்பம்.

ரோண்டா


லாரல் பென்ட்
மே 6, 2019

அன்புள்ள ரோண்டாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்காலைப் பற்றி இனிக் கேட்காதே, அது என்னோடு புதைகுழி வரை வரும். நீ அடுப்படிக்குள் போய் நிற்காதே. அங்கே வழுக்கும்.

பேப்பரில் படித்தேன். ஒரு மூலையில் நாலு வரி. நீ செய்ததைப் படித்ததும் என் வயிற்றெரிச்சல் ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் ஆறியது. மறுநாள் காலையில் பார்த்தால் அங்கேயே இருக்கிறது, அடுப்பில் வைத்து மறந்த பால் மாதிரி பொங்கிக்கொண்டு.

ஹோர்ட்டன் வியாழக்கிழமை வந்தார். காபி கொடுத்தேன். "யோசிச்சீங்களாம்மா?" என்றார். "தம்பி, இந்த மலைல ஒட்டுக்கதவு போடாத வண்டி எது? என் புருஷனே ஊர் முழுக்க கதவு மாட்டிக் கொடுத்தவர்தான். கிழவர் இருட்டுல எதைப் பார்த்தாரோ" என்றேன். முட்டாள் இல்லை அந்த ஆள். "நீங்கதானேம்மா தேடச் சொன்னீங்க" என்றார். "ஆமாம், சொன்னேன். இப்ப போதும்னும் நான்தான் சொல்றேன்" என்றேன். போதும் என்று என்னால் சொல்ல முடிகிற வழக்கா என்று தெரியவில்லை. உன் வக்கீல் சொன்ன மாதிரி அதுவும் மாநிலத்துடையதோ என்னவோ. ஆனால் என்னைத் தவிர அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் சொல்லப்போவதில்லை.

பொறாமைப்பட உன்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உன் வீட்டில் ராத்திரி வேலை முடிந்து ஒருத்தி கதவைத் திறந்து வருகிறாள். செருப்பை நடுவழியில் கழற்றிப் போடுகிறாள். நீ திட்டுகிறாய். அதற்கு நான் பொறாமைப்படுகிறேன், சாகும்வரை படுவேன், அதை உன்னால் எனக்குக் கொடுக்கவும் முடியாது, உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

இன்னொன்றுக்கும் பொறாமை. கிழவர் சொன்னாரே, சிரிப்புச் சத்தம் கேட்டது என்று. என் மகனின் கடைசிச் சிரிப்பு அவளிடம் இருக்கிறது. இரண்டரை வருஷமாக அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே அனுப்பு. நீ கூட வராதே, நீ வந்தால் அவளுக்காக நீயே பதில் சொல்வாய். என்ன சொல்லிச் சிரித்தான், பசி என்றானா, என்னைத் திட்டினானா, கதவைச் சாத்திவிட்டு இறங்கும்போது என்ன சொன்னான் என்று எல்லாவற்றையும் கேட்பேன். அவள் தப்பிக்கவும் முடியாது, என்னிடம் நீதிபதியும் இல்லை. கோர்ட்டில் உட்கார்ந்து கேட்கத்தான் ஆசைப்பட்டேன், என் சமையலறையில் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் கேட்டு முடித்ததும் அவளை நான் கட்டிக்கொள்வேனா, அறைவேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லியே அனுப்பு. எதுவானாலும், இருட்டுவதற்குள் உன்னிடம் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உன் அக்கா,
கிளென்னா